கடற்புல் வாடுதா? சூடா உப்பான்னு அறிகுறிய வச்சு கண்டுபிடிக்கது எப்படி

தூத்துக்குடி, காயல்பட்டினம், திருச்செந்தூர் பக்கம் காலேஜ் லேப்ல தொட்டி வச்சு கடற்புல் வளக்குதவங்களும், அனுமதி வாங்கி கரையோரத்துல நட்டுட்டு பாத்துக்கிட்டு இருக்கவங்களும் கேக்குத கேள்வி எல்லாம் சுத்தி வந்தா ஒண்ணுதான், "அண்ணாச்சி, இலை இப்படி ஆயிட்டு, இது சூட்டுனாலயா உப்புனாலயா?" போட்டோவ மட்டும் அனுப்பிட்டு பதில் கேட்டா ஒண்ணும் சொல்ல முடியாது, ஏன்னா சூடு பண்ணுத சேட்டையும் உப்பு பண்ணுத சேட்டையும் இலைல பாக்க ஏறக்குறைய ஒண்ணு போலதான் இருக்கும். வித்தியாசம் தெரியுத எடம் ரெண்டு. செடியோட எந்தப் பாகம் முதல்ல கெட்டுச்சு, தண்ணி எவ்வளவு வேகமா மாறுச்சு. இந்த ரெண்டையும் பிடிச்சுட்டா பாதி சோலி முடிஞ்சுது. அதனால அறிகுறி வாரியா எழுதுதேன், உங்க செடிக்கு எது பொருந்துதோ அத தேடி வாசிங்க, ஆனா அடுத்து வார பகுதிய மட்டும் எல்லாரும் வாசிச்சுருங்க.

எந்த அறிகுறியா இருந்தாலும் முதல்ல இது

கடற்புல் பாசி கிடையாது. வேர், மண்ணுக்குள்ள ஓடுத கிடைத்தண்டு, பூ, விதை எல்லாம் உள்ள செடி. தரையில உள்ள புல்லு மாதிரியே இலை அடியில இருந்துதான் வளரும், அதாவது நுனிதான் பழசு, அடிதான் புதுசு. நுனில நீங்க பாக்குதது ரெண்டு மூணு வாரத்துக்கு முன்னாடி நடந்த கதை, அடில உறைக்குள்ள பாக்குதது இன்னைக்கு நடக்குத கதை. பாதிப் பேரு நுனிய பாத்து பதறிப்போயி தண்ணிய மாத்திருதாங்க, அந்த மாத்தம்தான் செடிக்கு ரெண்டாவது அடி.

தொட்டியோ கடலோ, சூட்ட ஒரு நாளைக்கு ரெண்டு தடவ பாருங்க, மதியம் ரெண்டு மூணு மணிக்கு ஒண்ணு, விடியுததுக்கு முன்னாடி ஒண்ணு. காலைல பத்து மணிக்கு தெர்மாமீட்டர முக்கிட்டு "29 தான் இருக்கு, நார்மல்"னு சொல்லுதவங்க நெறைய, அந்த நேரத்துல எல்லாத் தண்ணியும் நார்மலாத்தான் இருக்கும். அளக்குதது இலை நிக்குத ஆழத்துல இருக்கணும், மேல்தண்ணில இல்ல.

உப்புக்கு ரிஃப்ராக்டோமீட்டர் போதும், டிஸ்டில்ட் வாட்டர் ஒரு சொட்டு வச்சு உள்ள தெரியுத கோடு பூஜ்யத்துல நிக்குதான்னு பாத்துட்டு அளங்க. நம்மூர்ல உப்பளத்துக்காரங்க வச்சிருக்க ஹைட்ரோமீட்டர கடன் வாங்கி முக்கிப் பாக்குதாங்க சில பேரு, அது பாத்தில உப்பு வெளையுத தண்ணிக்கு, அதாவது இருவத்தஞ்சு போமே டிகிரிக்கு (சூடு இல்ல, தண்ணியோட கனத்த சொல்லுத அளவு) பக்கத்துல போற தண்ணிக்கு செஞ்ச சாமான். சாதா கடல் தண்ணி அதுல மூணு மூணரை காட்டும், அதுல ஒரு டிகிரின்னா ஏறத்தாழ 10 பிபிடி. கடற்புல்லுக்கு 4 பிபிடி மாறுததே பெரிய சங்கதி, அத அந்தக் குழாய்ல கண்டுபிடிக்க முடியாது. பிபிடின்னா ஒரு கிலோ தண்ணில எத்தன கிராம் உப்புங்கது, அவ்வளவுதான்.

மன்னார் வளைகுடா பக்கம் தண்ணி பொதுவா 32ல இருந்து 36 பிபிடிக்குள்ள நிக்கும், வாடைக் காத்து மழையில எறங்கும், சித்திரை வைகாசில ஏறும். சூடு மார்கழி தைல 26 டிகிரி பக்கம், ஏப்ரல் மேல 31, 32 வரைக்கும் போவும். இதுக்குள்ள மெதுவா ஏறி எறங்குனா நம்ம செடிக்கு ஒண்ணும் ஆவாது, பழகினதுதான். ஒரு நோட்டுல தெனம் எழுதி வைங்க, இன்னைக்கு நம்பர் என்னங்கத விட முந்தாநாளு நம்பருக்கும் இன்னைக்கும் எவ்வளவு வித்தியாசம்ங்கதுதான் எனக்கு வேணும்.

இலை நுனி மட்டும் பழுப்பு, அடி பச்சை

பெரும்பாலும் ஒண்ணுமில்ல. பழைய இலை, வயசாயிட்டு. கொத்துல உள்ள வெளி இலைல மட்டும் இருந்து, நடுவுல உள்ள குருத்து நல்ல பச்சையா இருந்துச்சுன்னா விட்டுருங்க. எல்லா இலைலயும் ஒரே நீளத்துக்கு நுனி கருகியிருந்தா அது ஒரே நாள்ல நடந்த சம்பவம், தண்ணி வத்தி வெயில்ல பட்டிருக்கும், இல்ல ஒரு மதியம் நல்லா சூடேறியிருக்கும். நோட்ட திருப்பிப் பாருங்க. நுனி வெட்டுன மாதிரி நேரா, இல்ல அரைவட்டமா இருந்தா யாரோ கடிச்சிருக்காங்க, ஓரா மீன் இருக்க எடத்துல இது சகஜம். அதுக்கு போயி உப்ப மாத்தாதீங்க.

மழை முடிஞ்ச கையோட இலை துவண்டு, தண்ணி கோத்து, கொத்தாக் கொட்டுது

இது உப்பு கொறஞ்ச அடி. இலைய வெளிச்சத்துல பிடிச்சா அந்தப் பக்கம் தெரியும், தொட்டா கொழகொழன்னு இருக்கும். செல்லுக்குள்ள இருக்க உப்பு வெளிய உள்ள கடல் தண்ணிக்கு ஏத்தாப்புல அமஞ்சது, வெளிய திடீர்னு நல்ல தண்ணி ஆனா தண்ணி உள்ள ஏறி செல்லு ஊதும், ஊதுதத கொறைக்க செல்லு பொட்டாசியத்தையும் மத்ததையும் வெளிய விடும், அதுக்கு நேரம் பத்தலன்னா கதை முடிஞ்சுது. நாலஞ்சு நாள்ல மெதுவா எறங்குனா அதே அளவு எறக்கத்த தாங்குத செடி, ஒரு ராத்திரில எறங்குனா தாங்காது.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்த யாரும் மறந்திருக்க மாட்டாங்க, காயல்பட்டினத்துல மட்டும் ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுச்சு. தாமிரபரணி புன்னக்காயல்ல கடல்ல சேருது, அந்த மாதிரி வெள்ளத்துல ஆத்துத் தண்ணி கலங்கலோட கடல் மேல பரவி நிக்கும். இங்கன கவனிக்க வேண்டியது, நல்ல தண்ணி லேசு, உப்புத் தண்ணி கனம். மேல் தண்ணிய மொண்டு அளந்தா 12 காட்டும்போது ஒரு ஆள் ஆழத்துல 28 இருக்கலாம். ஒரு பாட்டில பெருவிரல வச்சு மூடி அடிக்கு கொண்டு போயி, அங்க வச்சு விரல எடுத்து ரொப்பி, திரும்ப மூடி மேல கொண்டாந்து அளங்க. அடித்தண்ணி உப்பு கொறயலன்னா உங்க செடி வாடுததுக்கு உப்பு காரணமில்ல.

அப்ப என்னன்னா, பெரும்பாலும் கலங்கல். வெள்ளம் கொண்டு வந்த வண்டல் வெளிச்சத்த மறைச்சு இலை மேல படிஞ்சுரும், செடி தண்டுல சேத்து வச்ச மாவுச்சத்த எடுத்துத் தின்னு பொழப்ப ஓட்டும், அது தீந்ததும்தான் இலை கொட்டும். உப்பு அடின்னா மழைக்குப் பெறவு சில நாள்லயே தெரியும். கலங்கல் அடின்னா வாரக் கணக்காகும், இலை ஊதாது, மெலிஞ்சு மங்கிப் போவும். எல்லாத்தையும் வெள்ளத்து நல்ல தண்ணி தலையில போடுத பழக்கம் நம்மகிட்ட இருக்கு, என்னைக் கேட்டா பாதிக்கு மேல சேறுதான் குத்தவாளி.

எந்தச் செடி முதல்ல போவும்னு தெரிஞ்சா அதுவே ஒரு மீட்டர். சின்ன முட்டை வடிவ இலை உள்ள ஹாலோஃபைலா ஓவாலிஸ்தான் முதல்ல போவும், தண்டு மெல்லிசு, சேமிப்பு கெடயாது, ஆனா விதையில இருந்து முதல்ல திரும்பி வாரதும் அதுதான். தலசியா, சைமோடோசியா மாதிரி தடிச்ச தண்டு உள்ளது இலைய கொட்டிட்டு தண்டோட காத்திருக்கும். ஹாலோடூல் உப்பு ஏறுனாலும் எறங்குனாலும் ரொம்ப தூரம் தாங்கும். ஹாலோஃபைலா பெக்காரின்னு ஒண்ணு கழிமுகத்துலயே கெடக்கும், அதுக்கு உப்பு கொறஞ்ச தண்ணி புதுசு கெடயாது. ஆக ஓவாலிஸ் போயி தலசியா நின்னா சின்ன அடி, தலசியாவும் இலை கொட்டுனா பெரிய அடி.

செய்ய வேண்டியது: தொட்டின்னா ஒரேயடியா உப்பக் கொட்டி பழைய அளவுக்கு கொண்டு போவாதீங்க, நாளைக்கு 2 பிபிடிக்கு மேல ஏத்தாதீங்க. கடல்னா ஒண்ணும் செய்ய வேண்டாம், நெசமாவே ஒண்ணும் செய்ய வேண்டாம், மூணு நாலு வாரம் கழிச்சு தண்ணி தெளிஞ்ச பெறவு போயி தண்டப் பாருங்க.

புது இலை குட்டையா ஒடுக்கமா வருது, நுனி கருகுது, செடி அப்படியே நிக்குது

கோடைல தொட்டிக்காரங்களுக்கு வார நோய் இது, உப்பு கூடிப் போச்சு. வெளிய உப்பு கூடுனா செல்லுல உள்ள தண்ணி வெளிய போயி, மாங்காவ உப்புல போட்டா சுருங்குதது மாதிரி சுருங்கும். சுருங்காம இருக்க செடி புரோலின், சர்க்கரை மாதிரி சாமான்கள செல்லுக்குள்ள சேத்து வைக்கும், அதுக்கு ஆவுத செலவு எல்லாம் வளர்ச்சிக்கு வச்சிருந்த காசு, அதனாலதான் சாவாம ஆனா வளராம நிக்கும்.

காரணம் நூத்துக்கு தொண்ணூறு ஒண்ணேதான், ஆவியா போன தண்ணிக்கு பதிலா கடல் தண்ணி ஊத்துதது. கணக்குப் பாருங்க. நூறு லிட்டர் தொட்டி, 35 பிபிடி. பத்து லிட்டர் ஆவியாயிட்டு, உப்பு போவல, தண்ணிதான் போச்சு, இப்பவே 38.9. அதுல பத்து லிட்டர் கடல் தண்ணி ஊத்துனா 38.5. அடுத்த பத்து லிட்டர் போயி திரும்ப ஊத்துனா 42. மூணாவது தடவ 45.5. ஃபேன் போட்டு வச்ச தொட்டில நம்மூரு வெயிலுக்கு பத்து லிட்டர் போவ ரொம்ப நாள் ஆவாது, ஒரு மாசத்துல எங்க போயி நிக்கும்னு நீங்களே போட்டுக்கோங்க. கண்ணாடில ஒரு கோடு போட்டு வைங்க, தண்ணி அந்தக் கோட்டுக்கு கீழ போனா நல்ல தண்ணிதான் ஊத்தணும், தெனம் கொஞ்சமா. குழாய்த் தண்ணின்னா ஒரு நாள் வாளில தொறந்து வச்சு குளோரின் போவட்டும். கரையோர போர் தண்ணிய அளந்துட்டு ஊத்துங்க, அதுலயே உப்பு இருக்கும். ஏறிப் போன உப்ப எறக்குததும் நாளைக்கு 2 பிபிடி கணக்குதான், அவசரப்பட்டு பாதித் தண்ணிய மாத்துனீங்கன்னா முந்தின பகுதில சொன்ன நோய நீங்களே வரவழைச்ச மாதிரி ஆயிரும்.

எவ்வளவு வரைக்கும் தாங்கும்னு கேட்டா வேகத்த பொறுத்தது. ஃபுளோரிடால தலசியா இனத்துல ஒண்ண வச்சு மெதுவா ஏத்திப் பாத்ததுல 60 பிபிடி வரைக்கும் நின்னிருக்கு, ஹாலோடூல் 65 வரைக்கும், ஆனா அதே தலசியாவ திடீர்னு தூக்கிப் போட்டா 45லயே தடுமாறிட்டு. ஊரையும் பொறுத்தது, மத்தியதரைக் கடல்ல உள்ள பொசிடோனியாங்கத கடற்புல்லுக்கு உப்பு பெரும்பாலான நேரம் 38.5ஐ தாண்டக் கூடாதுன்னு ஸ்பெயின்ல கடல்நீர சுத்திகரிக்கிற ஆலைக் கழிவுத் தண்ணிக்காக ஆராய்ச்சிக்காரங்க அளவு சொன்னாங்க, அதே பொசிடோனியா குடும்பத்துல இன்னொண்ணு ஆஸ்திரேலியா ஷார்க் பேல சாதா கடலவிட உப்பு கூடின தண்ணிலயும் பரவி, ஒரே செடி 180 கிலோமீட்டர் தூரத்துக்கு இருக்குன்னு 2022ல கண்டுபிடிச்சாங்க. அதனால இணையத்துல எங்கயோ பாத்த நம்பர நம்ம தொட்டிக்கு ஒட்ட வைக்காதீங்க.

கரையோரத்துல நட்டவங்களுக்கு இந்த அறிகுறி வந்தா பக்கத்துல உப்பள வாய்க்கா ஏதும் தொறந்து விட்டாங்களான்னு பாருங்க. உப்பு எடுத்த பெறவு மிஞ்சுத கசப்புத் தண்ணி சாதா கடல் தண்ணிய விட நல்ல கனம், அடியிலயே ஊர்ந்து வந்து புல்லு மேல படுக்கும், மேல் தண்ணிய அளந்தா ஒண்ணும் தெரியாது.

லேசா இழுத்தா கையோட வருது, அடி கருப்பு, அழுகின முட்டை நாத்தம்

இதுதான் உள்ளதுலயே மோசமானது, கோடைல ராத்திரியோட ராத்திரியா நடக்கும், சாயந்திரம் பச்சையா இருந்துச்சேன்னு காலைல வந்து முழிப்பீங்க. அடையாளம் என்னன்னா, இலை பச்சையா இருக்கும், இலை புறப்படுத அடிக்குருத்துதான் செத்திருக்கும். மிதந்து வார இலைய எடுத்து அடிய பாருங்க, வெள்ளையா மொறுமொறுன்னு இருக்க வேண்டிய எடம் பழுப்பா, கருப்பா, கூழா இருக்கும்.

நடக்குதது இதுதான். சேத்துக்குள்ள காத்து கெடயாது, அங்க இருக்க பாக்டீரியா இலை தழை கழிவத் தின்னு ஹைட்ரஜன் சல்ஃபைடு விடும், அது செடிக்கு வெசம். பகல்ல இலை உண்டாக்குத ஆக்சிஜன் இலைக்குள்ள ஓடுத காத்துக் குழல் வழியா தண்டுக்கும் வேருக்கும் எறங்கி, வேர் நுனில கசிஞ்சு, சுத்தி இருக்க சல்ஃபைட கெடுத்து ஒழிச்சுரும். ராத்திரி வெளிச்சம் இல்ல, அப்ப தண்ணில கரைஞ்சிருக்க ஆக்சிஜன்தான் இலை வழியா உள்ள போயாகணும். இங்கதான் சூடு வேலையக் காட்டுது. 25 டிகிரில கடல் தண்ணி லிட்டருக்கு 6.7 மில்லிகிராம் பக்கம் ஆக்சிஜன் பிடிச்சு வைக்கும், 35 டிகிரில 5.7தான். பிடிக்குதது கொறயுத அதே நேரம் செடி, மீன், பாக்டீரியா எல்லாம் சூட்டுல கூடுதலா மூச்சு விடும். உப்பும் கூடியிருந்தா இன்னும் கொறயும். விடியுததுக்கு முன்னாடி தண்ணில ஆக்சிஜன் தரை தட்டும்போது குருத்துல காத்து தீந்து, சல்ஃபைடு வேர் வழியா உள்ள ஏறி குருத்துக்கு வந்துரும். 1987ல ஃபுளோரிடா பேல தலசியா மொத்தமா செத்ததுக்கும், 2015ல திரும்ப அதே எடத்துல நடந்ததுக்கும் சூடு, கூடுதல் உப்பு, ராத்திரி ஆக்சிஜன் இல்லாமை, சல்ஃபைடு இதெல்லாம் சேந்துதான் காரணம்னு சொல்லுதாங்க. தனியா ஒண்ண பிடிச்சு சூடா உப்பான்னு கேட்டா பதில் வராத எடம் இது.

தொட்டில செய்ய வேண்டியது, ஏர் பம்ப பகல்ல ஓட்டுதத விட ராத்திரி பத்து மணில இருந்து விடியுத வரைக்கும் நல்லா ஓட்டுங்க. கோடைல கரண்ட் போவுத நேரமும் அதுதான், பேட்டரி பம்ப் ஒண்ணு இல்லாம கடற்புல் தொட்டி வைக்காதீங்க. செத்த இலைய அன்னன்னைக்கே எடுத்துருங்க, மீனுக்கு தீனிய கொறைங்க. மணலக் கிண்டாதீங்க, கிண்டுனா அடங்கிக் கெடக்க சல்ஃபைடு மொத்தமா வெளிய வந்து மிச்சத்தையும் முடிச்சுரும். செடி வாடுதேன்னு கடையில விக்க உர மாத்திரைய வேருல சொருகுதவங்க இருக்காங்க, வேண்டவே வேண்டாம், வேருக்கு மூச்சு முட்டுதப்ப சோத்த ஊட்டி என்ன பிரயோஜனம்.

மணல் கருப்பா இருந்தாலே பயப்பட வேண்டியதில்ல. ரெண்டு மூணு விரக்கட ஆழத்துக்கு கீழ எல்லா மணலும் கருப்பாத்தான் இருக்கும். ஒரு வேர மெதுவா எடுத்துப் பாருங்க, வேரு வெள்ளையா இருந்து அத ஒட்டின மணல் மட்டும் வெளுப்பாவோ துரு நெறத்துலயோ இருந்தா வேரு ஆக்சிஜன் கசிய விடுதுன்னு அர்த்தம், செடி சண்டை போட்டுக்கிட்டு இருக்கு. வேரையும் கருப்பு ஒட்டிட்டுன்னா தோத்துட்டு.

இங்க ஒரு சைடு கதை. மன்னார் வளைகுடா தீவுப் பக்கம் உள்ள மணல் பவளம் நொறுங்குன சுண்ணாம்பு மணல், அதுல இரும்பு கொறவு, இரும்பு இருந்தா சல்ஃபைட பிடிச்சுக் கட்டிப் போட்டுரும். சுண்ணாம்பு மணல்ல இரும்பு சேத்துப் பாத்த ஆராய்ச்சிகள்ல சல்ஃபைடு கொறஞ்சதும் உண்டு. இதக் கேட்டதும் நம்ம ஆளுக "அப்ப தேரிக்காட்டு செம்மண்ணு சும்மாதானே கெடக்கு, அள்ளிப் போட்டுருவோமா"ன்னு கேக்குதாங்க. தேரி மண்ணு செவப்பா இருக்கது இரும்புனாலதான், யோசனை தப்புன்னு சொல்ல மாட்டேன், ஆனா அந்த நைசுத் தூசி தண்ணிய செவப்பாக்கி நாள் கணக்கா தெளியாது, சல்ஃபைட தடுக்கப் போயி வெளிச்சத்த தடுத்த கதையாயிரும். நான் போட மாட்டேன்.

இலை வெளுக்குது, இல்ல செவக்குது

ரெண்டும் வேற வேற. செவப்பு பெரும்பாலும் வெயிலுக்கு செடி தானா போட்டுக்குத நெறம், ஆழமில்லாத எடத்துல, தண்ணி தெளிஞ்ச காலத்துல வரும், அடி நல்லா இருந்தா விட்டுருங்க.

வெளுத்து, ரெண்டு மூணு நாள்ல பழுப்பாகி நொறுங்குனா சூட்டுல வெந்துருக்கு. நம்ம வகைச் செடி பலதும் 40 டிகிரிய பகல்ல கொஞ்ச நேரம் தாங்கும், தெனமும் 40 போனா சேதம் சேந்துக்கிட்டே போவும், 43 தொட்டுட்டா ரெண்டு மூணு நாள்ல முடிஞ்சுரும். கடல்ல 40 எங்க வரும்னு கேப்பீங்க, நம்ம பக்கம் ஏத்த எறக்கமே ஒரு மீட்டருக்குள்ளதான், ஆனா வத்தத்துல குட்டை மாதிரி தேங்குத முழங்கால் தண்ணி மதியம் போடுத சூடு வேற. நூல் மாதிரி உருண்ட இலை உள்ள சிரிங்கோடியம் முதல்ல போவும், தலசியா, ஹாலோடூல் நிக்கும். 

பவளப்பாறை வெளுக்குத வருசம் புல்லும் வெளுக்குமான்னு கேக்காங்க. 2010லயும் 2016லயும் மன்னார் வளைகுடால பவளம் மோசமா வெளுத்துச்சு, பவளத்துக்கு 30 டிகிரிய தாண்டி வாரக் கணக்கா நின்னாலே போதும். புல்லு 32ல வெளிச்சம் ஒழுங்கா இருந்தா வளந்துக்கிட்டே இருக்கும்.

இலைல கருப்புத் திட்டு, கோடு கோடா பரவுது

லாபிரிந்துலாங்கத ஒரு நுண்ணுயிர் பண்ணுத வேலையா இருக்கலாம். 1930கள்ல அட்லாண்டிக் கடலோட ரெண்டு கரையிலயும் ஈல்கிராஸ்னு சொல்லுத கடற்புல்ல இது அழிச்சு எடுத்துட்டு, அப்ப தப்பிச்சது பெரும்பாலும் உப்பு கொறஞ்ச கழிமுகத்துல இருந்த புல்லு. இத வாசிச்சுட்டு செடிய நல்ல தண்ணில முக்குததுக்கு ஓடாதீங்க, கருப்பு பரவுதா இல்ல அப்படியே நிக்குதான்னு ஒரு வாரம் பாருங்க, திட்டு உள்ள இலைய மட்டும் நறுக்கி எடுங்க. நிக்குதுன்னா அது பழைய காயம்.

இலை மேல பாசி மூடுது

உரமும் சூடும் கூடி, மேய ஆள் இல்லாததுதான். பாசிய மேய நத்தைய தொட்டிக்குள்ள விடுங்க, தீனிய கொறைங்க. பாசி வெளிச்சத்த மறைக்கும், அதுதான் அதுல உள்ள ஆபத்து.

எல்லாம் சரியா இருக்கு, ஆனா வளரவே மாட்டேங்குது

உப்பு 34, சூடு 33, இலை பச்சை, நாத்தம் இல்ல, ஆனா ரெண்டு மாசமா புது இலை இல்ல. இது வரவு செலவுப் பிரச்சனை. வெப்பமண்டலக் கடற்புல் நல்லா வளருதது 23ல இருந்து 32 டிகிரிக்குள்ள. அதுக்கு மேல போனா சாவாது, ஆனா மூச்சு விடுத செலவு ஒளிச்சேர்க்கை வரவ விட வேகமா ஏறும், 10 டிகிரி கூடுனா மூச்சுச் செலவு ஏறத்தாழ ரெண்டு மடங்கு. அப்ப சூடு கூடுதப்ப செடிக்கு வெளிச்சம் கூடுதலா வேணும். நம்மாளு செய்யுதது நேர் எதிர், சூடுன்னதும் பச்சை வலைய மேல போட்டு மூடிருதாங்க, சூடு ஒரு டிகிரி கொறயும், வெளிச்சம் பாதி போயிரும், செடி பட்டினி. டேபிள் ஃபேன தண்ணி மேல வீச விடுங்க, ஆவியாகி சூடு எறங்கும், எறங்குத தண்ணிக்கு நல்ல தண்ணி ஊத்துங்க. வலை போட்டே ஆகணும்னா 35ஐ தாண்டுத நாள்ல மதியம் மட்டும் போட்டு எடுத்துருங்க. முடிஞ்சா ராத்திரிச் சூட்ட கொறைங்க, ராத்திரி வரவு கெடயாது, செலவு மட்டும்தான், அங்க மிச்சம் பிடிச்சா அது முழுசும் செடிக்கு.

கடல்ல நட்டவங்க ஆனி ஆடில "சூடு கொறஞ்சுட்டே, ஏன் வளரல"ன்னு கேப்பாங்க. கச்சான் காத்து அடிச்சு தண்ணி கலங்கிக் கெடக்கும், வெளிச்சம் எங்க போவும். காத்து அடங்கட்டும்.

திடீர்னு ஏகப்பட்ட பூ

சந்தோசப்படுங்க, ஆனா நோட்டையும் பாருங்க. மத்தியதரைக் கடல்ல 2003 வெப்ப அலைக்குப் பெறவு பொசிடோனியா வழக்கத்துக்கு மேல பூத்துச்சு, சூடு தூண்டி விட்டதுன்னு சொல்லுதாங்க. பூத்த வருசம் தண்டுல சேமிப்பு செலவாயிருக்கும், அந்த வருசம் அதுல இருந்து கொத்து பிரிச்சு எடுக்காதீங்க.

மொத்தமா கொட்டிட்டு, புடுங்கிப் போட்டுரலாமா

பொறுங்க. இலை ஒண்ணு கூட இல்லன்னாலும் தண்ட நகத்தால கிள்ளிப் பாருங்க, வெள்ளையா, கெட்டியா, ஒடிச்சா சத்தம் கேக்குத மாதிரி இருந்தா உசுரு இருக்கு, ஆறேழு வாரம் குடுங்க, கணுல இருந்து குருத்து வரும். பழுப்பா கூழா இருந்தாலும் ஒரு எடத்துல மட்டும் கிள்ளிட்டு முடிவு பண்ணாதீங்க, நாலஞ்சு கணு தள்ளிப் பாருங்க. கடல்ல செத்த தண்டையும் புடுங்க வேண்டாம், மணல பிடிச்சு வச்சிருக்கது அதுதான், அத எடுத்தா அடுத்து நட எடமே அரிச்சுட்டு போயிரும்.

திரும்ப நடுததுக்கு செடி வேணும்னு தீவுப் பக்கம் போயி புடுங்கிராதீங்க. வான் தீவு, காரைச்சல்லி எல்லாம் சேத்து 21 தீவும் சுத்தி உள்ள கடலும் 1986ல இருந்து தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதி இல்லாம அங்க கால் வைக்கதே குத்தம். முறைப்படி அனுமதி வாங்கி, அவிய சொல்லுத எடத்துல கொஞ்சமா எடுத்து, பிவிசி சட்டத்துல சணல் கயிறு கட்டி அதுல கொத்த கோத்து அடியில வச்சு நடுததுதான் மன்னார் வளைகுடால செஞ்சு வார முறை, பாக் நீரிணைப் பக்கம் மூங்கில் சட்டமும் தேங்காநார்க் கயிறும் வச்சு நடுதாங்க, கயிறு மக்கிப் போவும்போது வேரு பிடிச்சிருக்கும்.

நடுத நாளு தை கடைசில இருந்து மாசி வரைக்கும், மழைத் தண்ணி தெளிஞ்சு, உப்பு பழைய அளவுக்கு ஏறி நின்னு, சூடும் 28 பக்கம் இருக்க நேரம். சித்திரைல காலேஜ் லீவு விட்டாச்சு, பையங்க சும்மாதானே இருக்காங்கன்னு அப்ப நடப் போனீங்கன்னா, வேரு பிடிக்குததுக்கு முன்னாடி மேல சொன்ன முட்டை நாத்தத்துலதான் போயி நிக்கும். லீவுல பையங்கள தெர்மாமீட்டரும் நோட்டும் குடுத்து அனுப்புங்க, விடியக்காலத்து அளவு எடுக்க ஆள் கெடைக்காமத்தான் பாதி எடத்துல காரணமே தெரியாம போவுது.